அமாவாசைச் சோற்றுக்குக் காகம் வராத ஊரில்

கேள்வி: வாக்குவாவிலிருந்து ஒரு வாசகி, 2023 ஆகஸ்ட் 16

திருச்சிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மொரிசியஸ் வந்தவள். இன்று ஆடி அமாவாசை. படையல் முடித்து மதில்மேல் சோறு வைத்துக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். காகம் கண்ணிலேயே படவில்லை. இரண்டு மைனா வந்தது, பின்னாலேயே குட்டிப் புறாக்கள். மைனா சாப்பிட்டால் கணக்கில் சேருமா? மற்ற நாளிலும் ஏதாவது வைக்க ஆசை. எலி வரும் என்று பக்கத்து வீட்டுக்காரர் பயமுறுத்துகிறார்.

2023 ஆகஸ்ட் 16, இரவு

சேரும். காத்ர் போர்னில், கோர் தெ கார்த் மலையடியில் எங்கள் வீடு. தாத்தா காலத்திலிருந்தே எங்கள் பிதுர்ச் சோறு மைனாவுக்குத்தான் போகிறது. எந்தப் பாட்டனும் கனவில் வந்து கோபித்ததில்லை. காகம்தான் வேண்டுமென்றால் தலைநகர் போர் லூயிப் பக்கம் போகவேண்டும். கப்பலில் தொற்றிக்கொண்டு வந்த வீட்டுக்காகம் அங்கேதான் காலூன்றியது. மற்றப் பறவைகளின் முட்டை, குஞ்சு எதையும் விட்டுவைக்காது என்பதால் அரசாங்கம் அதைப் பெருகவிடவில்லை. வாக்குவாவில் அதை எதிர்பார்த்து உட்கார்ந்தால் சோறு ஆறிவிடும், அக்கா.

எலியைப் பற்றி உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது நிஜம். இருட்டுவதற்குள் மிச்சத்தை எடுத்துவிட்டால் வராது.

2023 ஆகஸ்ட் 20

யார் யார் வருவார்கள் என்று கேட்டிருந்தீர்கள். ஊர்ப் பக்கம் தட்டு வைத்தால் இந்தக் கூட்டம்தான்.

மைனாவை இங்கே மார்த்தேன் என்பார்கள். 1762இல் வெட்டுக்கிளியை ஒழிக்க இந்தியாவிலிருந்து கொண்டுவந்தார்கள். வெட்டுக்கிளி போனது, மைனா தங்கிவிட்டது. அப்புறம் உங்கள் 'குட்டிப் புறா': கழுத்திலும் மார்பிலும் மெல்லிய வரி ஓடும், கையளவுதான் இருக்கும். அதைவிடப் பெரிதாக, பின்கழுத்தில் கறுப்பு வெள்ளைப் பொட்டுகளோடு வருவது நம்மூர்ப் புள்ளிப்புறாவேதான். கொண்டையும் கன்னத்தில் சிவப்புத் திட்டுமாக வருவது சிவப்பு மீசைச் சின்னான். அது வந்தது 1892இல். ஊர்க்குருவி, தூக்கணாங்குருவிக்கு உறவான ஆப்பிரிக்க நெசவுக்குருவி, மடகாஸ்கரிலிருந்து வந்த கார்தினால் குருவி. இதில் ஒன்றுகூட இந்தத் தீவில் பிறந்த இனமில்லை.

இந்த மண்ணுக்கே உரியது தோட்டத்துக்கு வருவதென்றால் முக்கியமாகப் பிக்பிக்தான். கட்டைவிரல் பருமன், சாம்பல் நிறம், பறக்கும்போது வாலடியில் வெள்ளை தெரியும். நாலைந்தாகச் சேர்ந்து கிசுகிசுத்துக்கொண்டே வரும். தட்டை ஏறெடுத்தும் பார்க்காது. இலையடிப் பூச்சியும் பூவிலிருக்கிற தேனும்தான் அதற்குச் சாப்பாடு.

2023 ஆகஸ்ட் 21

பக்கத்துத் தீவு ரேயூனியனிலிருந்து ஒருவர்: "தட்டுக்கு வருவதெல்லாம் நம்மைப் போலவே கப்பலில் வந்தவை, எனவே நம் சொந்தங்கள்." பொங்கல் விழா மேடைக்கு நல்ல வசனம், ஐயா, கைதட்டு நிச்சயம். தோட்டத்துக்குத்தான் உதவாது. சின்னான் தின்றுவிட்டு எச்சமிடுகிற களைப்பழ விதையெல்லாம் காட்டுக்குள் முளைத்து, நிஜமான காட்டு மரங்களை மூச்சுமுட்ட வைக்கிறது. சொந்தம் கொண்டாடுமுன் அதையும் பார்க்க வேண்டும்.

2023 ஆகஸ்ட் 27

என்ன வைப்பது, என்ன வைக்கக்கூடாது என்று இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

நொய் அரிசி நல்லது. பச்சை அரிசியைத் தின்றால் குருவி வயிறு ஊதி வெடித்துவிடும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சும்மா கதை. மடகாஸ்கரில் கார்தினால் நெல்வயலையே துவம்சம் செய்கிற பறவை. ஒரு கைப்பிடி நொய் அதை என்ன செய்யும்? ஆறிய சோறு, உப்பில்லாமல், கொஞ்சம். பப்பாளி, கனிந்த வாழைப்பழம். தினை கடையில் கிடைத்தால் அதுவும்.

ரொட்டி வேண்டாம். காலையில் வாங்கிய நீள ரொட்டியின் கடைசித் துண்டை மாலையில் முற்றத்தில் பிய்த்துப் போடுவது இந்த ஊரில் ஒரு பழக்கம். வயிறு நிறையுமே தவிர சத்து இல்லை. மிஞ்சிய தால் பூரி, கத்தோ பிமா என்கிற மிளகாய் வடை இதெல்லாம் உப்பும் எண்ணெயும். மனிதருக்கே ஆகாது என்று டாக்டர் சொல்கிற சாமான்.

2023 செப்டம்பர் 17

குளிர் விட்டுக்கொண்டிருக்கிறது. கார்தினால் சேவல் நிறம் மாற ஆரம்பித்துவிட்டது. எங்கள் மதிலுக்கு வருகிற ஒன்றைக் கிட்டத்தில் பார்த்தேன். தலை முழுக்கச் சிவந்துவிட்டது. முதுகில் இன்னும் பழைய தவிட்டு நிறம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நெஞ்சில் ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் பழுப்பு. பாதி வேஷம் கட்டிக்கொண்டு மேடைக்கு ஓடிவந்த கூத்தாடிபோல இருக்கிறது. கண்ணைச் சுற்றிய கறுப்பு மட்டும் அச்சடித்தாற்போலத் தெளிவு. இன்னும் சில வாரத்தில் முழுச் சிவப்பாகும், கோடை முடிகிற வரை அப்படியே இருக்கும், ஏப்ரல் தாண்டினால் பெட்டைபோலவே மங்கிவிடும்.

சிவந்ததும் புத்தி மாறும். வண்டியின் பக்கக் கண்ணாடியில் தன்னையே பார்த்துச் சண்டைக்குப் போகும். கண்ணாடிக்குப் பழைய சாக்ஸ் மாட்டிவிடுங்கள். எங்கள் தெருவில் இந்த மாதத்தில் வண்டிகளெல்லாம் சாக்ஸ் போட்டுத்தான் நிற்கும்.

காட்டில் இன்னொரு இனம் உண்டு, மொரிசியஸுக்கே உரியது. தலையும் மேல்மார்பும்தான் முக்கியமாகச் சிவக்கும், உடம்பு பழுப்பாகவே இருக்கும். தென்மேற்குக் காட்டிலும் இல் ஓ எக்ரெத் தீவிலும்தான் பார்க்க முடியும். "மொரிசியஸ் கார்தினால் எங்கள் பால்கனிக்கு வந்தது" என்று படம் போட்ட தம்பி, வயிறு வரை சிவப்பு, அது மடகாஸ்கர்க்காரன்.

2023 அக்டோபர் 15

நேற்று மாளய அமாவாசை. மைனாவுக்குப் படைத்தாயிற்று.

கிராண்ட் பேசின் கோயில் ஏரியில் குரங்குக்குப் பழம் போடுவதும் புண்ணியம்தானே என்று ஒரு அம்மா கேட்கிறார். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. அந்தக் குரங்கு 1600களில் கப்பலில் வந்தது. கையில் பழத்தைப் பார்த்துப் பழகினது நாளைக்குப் பையைப் பிடுங்கும், குழந்தையைக் கீறும். அதைவிட, காட்டுக்குள் போய் மரமேறிக் கூட்டைக் கலைக்கிறதும் அதே குரங்குதான். சுவாமிக்கு வைத்த பழத்தை அது எடுத்தால் எடுக்கட்டும், கையில் கொடுத்துப் பழக்கவேண்டாம்.

2023 அக்டோபர் 22

இரவில் முற்றத்தில் சருகைக் கிளறிக்கொண்டு முள்ளெலிபோல ஒன்று நடக்கிறது, எலியா என்று கேட்டவருக்கு: அது தாங். மடகாஸ்கர்ப் பிராணி, வாலில்லை, மூக்கு நீளம். குளிர்காலம் முழுக்க வளையில் தூங்கிவிட்டு வெயில் ஏறும்போது எழும். புழுவும் வண்டும் தின்னும், உங்கள் சோறு அதற்குத் தேவையில்லை. ஒரே ஈற்றில் பதினைந்து, இருபது குட்டி போடும். குட்டிகளுக்கு உடம்பில் கோடு இருக்கும். தாய் பின்னால் வரிசையாக அவை தெருவைக் கடப்பதைப் பார்த்தால் வண்டியை நிறுத்தாமல் போக மனசு வராது. இதைக் கறிவைத்துச் சாப்பிடுகிறவர்களும் இங்கே உண்டு, சமையல் குறிப்பு கேட்காதீர்கள்.

நாய் இருக்கிற வீட்டில் ராத்திரி நாயை உள்ளே கட்டுங்கள்.

2023 நவம்பர் 26

லிச்சி சிவந்துவிட்டது, வௌவால் சண்டையும் ஆரம்பித்துவிட்டது. வழக்கம்போல இங்கேயும் இரண்டு கட்சி. "என் மரத்துப் பழத்தை எனக்கு விடுவதில்லை, சுடத்தான் வேண்டும்" என்பவர்கள் ஒருபக்கம். நான் மறுபக்கம் என்று எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் மரத்தில் இரவு எட்டு மணிக்குப் போய் டார்ச் அடித்துப் பாருங்கள். தலைகீழாகத் தொங்கும், பொன்பழுப்புத் தலை. ஒரு காலால் கிளையைப் பிடித்து மற்றதால் பழத்தை இழுத்து வாயில் வைத்து அழுத்தும். சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையைச் சின்ன உருண்டையாகத் துப்பும். காலையில் மரத்தடி முழுக்க அந்த உருண்டைதான். அதைப் பார்த்துத்தான் 'எல்லாம் வௌவால்' என்கிறோம். பகலில் சின்னானும் மைனாவும் பச்சைக்கிளியும் கொத்தியது, காற்றில் உதிர்ந்தது எல்லாம் அதே கணக்கில் எழுதப்படுகிறது.

2015, 2016 இரண்டு வருடமும் அரசாங்கம் சுட்டது, இரண்டிலும் சேர்த்துப் பல்லாயிரம். 2018இல் மறுபடியும். வருடத்துக்கு ஒரே ஒரு குட்டி போடுகிற பிராணி அது. அழியும் ஆபத்திலிருக்கும் இனம் என்று 2018இல் உலகப் பட்டியலில் ஒரு படி மேலே ஏற்றினார்கள். காட்டு மரங்களில் பெரிய பழங்களைத் தூக்கிப்போய்த் தூரத்தில் விதைக்க இங்கே மிச்சமிருப்பது அது ஒன்றுதான். டோடோவும் போயிற்று, பெரிய ஆமையும் போயிற்று.

மரம் சின்னதென்றால் வலை போடுங்கள். ஆனால் இழுத்துக் கட்டுங்கள். தொளதொளவென்று விட்டால் வௌவாலும் குருவியும் பல்லியும் சிக்கிச் சாகும். பெரிய மரமென்றால் கைக்கெட்டுகிற கிளைகளுக்கு மட்டும் பை கட்டுங்கள். உச்சி அவர்களுக்கு. எங்கள் வீட்டில் அப்படித்தான், அண்ணன் மட்டும் வருடாவருடம் முணுமுணுப்பார்.

2023 நவம்பர் 27

சுடச் சொன்னவர் கோபித்துக்கொண்டார். சரி. உங்கள் லிச்சி வருமானம், எங்களுடையது வீட்டுத் தேவைக்கு. வித்தியாசம் எனக்குப் புரிகிறது. வலைக்கு அரசாங்க மானியம் இருக்கிறது, முதலில் அதைக் கேளுங்கள் என்பதுதான் நான் சொல்லவந்தது.

2023 டிசம்பர் 24

திண்ணையில் தொங்குகிற பெரணித் தொட்டிக்குள் சின்னான் கூடு கட்டிவிட்டது. தண்ணீர் ஊற்றமுடியவில்லை, பெரணி வாடுகிறது, வீட்டுக்காரி என்னை முறைக்கிறாள். காய்ந்த நாரும் வேரும், நடுவே எங்கிருந்தோ இழுத்துவந்த பிளாஸ்டிக் கயிற்றின் நீலச் சிம்பு. முட்டையில் இளஞ்சிவப்புப் புள்ளி அடர்ந்திருக்கிறது. தாய் கூட்டில் உட்கார்ந்தால் கொண்டை மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருக்கும்.

இத்தனை திட்டிவிட்டு அதையே பாதுகாக்கிறாயா என்று ரேயூனியன்காரர் கேட்பார். கேளுங்கள். காடு வேறு, என் திண்ணை வேறு. இந்த ஊரெல்லாம் நிறைந்துவிட்ட பறவையின் ஒரு கூட்டைக் கலைத்து நான் காட்டைக் காப்பாற்றப்போவதில்லை.

2024 ஜனவரி 17

எல்லாரும் பத்திரம்தானே? திங்கட்கிழமை பெலால் புயலில் போர் லூயியில் வண்டிகள் மிதந்ததை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். எங்கள் பக்கம் முருங்கை முறிந்தது, மாவில் பிஞ்சு காயெல்லாம் போயிற்று.

வருடத்தில் நான் மனதார, தாராளமாக வைக்கச் சொல்கிற நேரம் இதுதான். பூ இல்லை, பழம் இல்லை, பூச்சியும் அடித்துப் போயிருக்கும். நேற்றுக் காலை பப்பாளியை இரண்டாகப் பிளந்து கம்பிவேலியில் குத்தி வைத்தேன். தட்டுப் பக்கமே வராத பிக்பிக் கூட வந்தது. முதலில் ஒன்று, பழத்தின் ஓரத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, நாக்கை மட்டும் விட்டுவிட்டு எடுத்தது. மைனா வந்ததும் பறந்துவிட்டது. மைனா போனதும் கூட்டமாக வந்தது. அதனால் பழத்தை ஒரே இடத்தில் குவிக்காமல் நாலு இடத்தில், ஒன்றை மெல்லிய கிளை நுனியில் வையுங்கள். மைனாவின் கனத்தை அது தாங்காது.

துளிர் திரும்புகிற வரைக்கும் வைத்தால் போதும்.

2024 பிப்ரவரி 11

தண்ணீர்ச் சட்டி வைக்கலாமா என்று பொ பாசேனிலிருந்து கேள்வி. இந்த வெயிலில் சோற்றைவிடத் தண்ணீருக்குத்தான் கூட்டம். ஆனால் டெங்கு நேரம் இது, பூந்தொட்டித் தட்டைக்கூடக் கவிழ்க்கச் சொல்கிறார்கள். 2006இல் சிக்குன்குனியா வந்தபோது மூட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கொசு முட்டை புழுவாகிப் பறக்க ஒரு வாரம் பக்கம் ஆகும். தினமும் காலையில் தண்ணீரைக் கொட்டிச் சட்டியின் உள்விளிம்பைத் தேங்காய் நாரால் தேய்த்துவிட்டுப் புதிதாக ஊற்றினால் பயமில்லை. முட்டை விளிம்பில்தான் ஒட்டியிருக்கும், கொட்டினால் மட்டும் போகாது. தினமும் முடியாதென்றால் வைக்கவே வேண்டாம்.

2024 மார்ச் 10

சட்டியைத் தேய்க்கச் சொன்னதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. அதை எழுதாமல் விட்டால் மேலே சொன்னது எல்லாம் பாதிதான்.

காட்டில் பறவைக்குத் தீனி வைத்தே ஒரு இனத்தைக் காப்பாற்றிய நாடு இது. 1974இல் மொரிசியஸ் வல்லூறு காட்டில் தெரிந்தவரை 4 மட்டும். இளஞ்சிவப்புப் புறா 1990களின் தொடக்கத்தில் பத்துப் பக்கம். கார்ல் ஜோன்ஸ் என்ற வேல்ஸ்காரர் 1979இல் வந்து, கூண்டில் வளர்ப்பது, தீனி வைப்பது, எலியையும் குரங்கையும் பூனையையும் விலக்குவது என்று பல வருடம் போராடினார். இன்றைக்குப் புறா நானூறுக்கு மேல். பிளாக் ரிவர் பள்ளத்தாக்கில் அதற்குத் தானியம் வைக்கிற இடங்களை நீங்களும் பார்த்திருக்கலாம்.

அதே புறாவின் குஞ்சைக் கொல்கிற வியாதி ஒன்று, தொண்டைக்குள் மஞ்சளாகக் கட்டிக்கொண்டு இரை இறங்காமல் செய்துவிடும். ஒரே தட்டு, ஒரே தண்ணீரில் பல புறா வாய்வைத்தால் பரவும். நம் முற்றத்துக்கு வருகிற வெளியூர்ப் புறாக்கள் தங்களுக்கு ஒன்றும் ஆகாமலே அதைச் சுமக்கும். இந்தத் தீவுக்கே உரிய எதிரொலிக் கிளிக்கும் 2005 வாக்கில் அலகும் இறகும் கெடுகிற நோய் பரவியது.

அதனால் என் கட்சி இது. காத்ர் போர்ன், ரோஸ் ஹில், வாக்குவா மாதிரி ஊருக்குள் என்றால் கொஞ்சமாக வையுங்கள், தட்டைத் தேயுங்கள். ஷமரேல், பிளாக் ரிவர் பக்கம், காட்டோரத்தில் வீடு என்றால் தானியமே வைக்காதீர்கள். அங்கே நீங்கள் வைக்கிற ஒரு கைப்பிடி, ஊர்ப்புறாவையும் காட்டுப்புறாவையும் ஒரே தட்டில் உட்காரவைக்கும். அங்கிருந்து எழுதுகிற ஷமரேல் அண்ணாச்சிக்கு இது பிடிக்காது என்று தெரியும்.

தலையை உடம்புக்குள் இழுத்துக்கொண்டு, வாயோரம் ஈரமாக, விரட்டினாலும் பறக்காத புறா ஒன்றைப் பார்த்தால் தட்டை உடனே எடுத்துவிடுங்கள். சில வாரம் வைக்கவேண்டாம்.

2024 ஏப்ரல் 21

அண்ணாச்சிக்குப் பிடிக்கவில்லைதான். "அப்போ தோட்டம் சும்மா கிடக்கட்டுமா?" என்கிறார். செடி வையுங்கள். செம்பருத்தி, பாட்டில்பிரஷ், கற்றாழை, வாழை எல்லாவற்றுக்கும் பிக்பிக் வரும். வாழைப்பூவுக்குப் பின்னால் பச்சைப் பகல்பல்லியும் வரும். எங்கள் வாழையில் நீலவால் ஒன்று குடியிருக்கிறது. மடல் விரிகிற நேரம் தெரிந்துவைத்துக்கொண்டு வந்து நிற்கும். பூவுக்குள் தலையைவிட்டுத் தேனை நக்கும், மகரந்தம் மூக்கில் அப்பிக்கொள்ளும், உடனே நாக்கை நீட்டித் தன் கண்ணையே துடைத்துக்கொள்ளும். இமை இல்லாத பிராணிக்கு அதுதான் துண்டு.

இடம் இருந்தால் நாட்டின் தேசியப் பூவான த்ரொகேசியாவை வையுங்கள். அதன் தேனே நிறமுள்ளது. பல்லிக்கென்றே செய்தாற்போல இருக்கும். வனத்துறை நாற்றங்காலில் உள்ளூர் மரக்கன்று கேளுங்கள்.

ஓணான் பகல்பல்லியைத் தின்னுமா? கையில் கிடைத்தால் தின்னும். இந்த ஊர்க்காரர்கள் பச்சோந்தி என்று அழைப்பது நம்ம ஓணான்தான், அதுவும் ஆசியாவிலிருந்து வந்தது. விரட்டி மாளாது. அடர்ந்த வாழைக்கன்றாக வையுங்கள், பல்லி ஒளிய இடம் கிடைக்கும்.

2024 ஜூன் 16

குளிர் வந்துவிட்டது. தாங் தூங்கப் போயிற்று. மதிலில் கார்தினால் எது, ஊர்க்குருவி எது என்று நின்று பார்க்கவேண்டியிருக்கிறது. தெர் ரூஜ் முகத்துவாரத்தில் அக்டோபரில் பார்த்த சைபீரியா விருந்தாளிப் பறவைகளும் போய்விட்டன. அந்த இடம் 2001 முதல் ராம்சர் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் இருக்கிறது. அடுத்த அக்டோபரில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே தீனி எதுவும் எடுத்துப்போகாதீர்கள், சேற்றில் எல்லாம் இருக்கிறது.

வாக்குவா அக்காவின் புதுக் கேள்வி: பூந்தொட்டியில் நட்ட குட்டி மிளகாயை முழுக்கச் சின்னான் தின்றுவிட்டது, அதற்குக் காரமே தெரியாதா? தெரியாது. மிளகாயின் காரம் நமக்குத்தான் உறைக்கும், பறவையின் நாக்கில் அது படுவதே இல்லை. விதை உடையாமல் வெளியே வந்து விழுந்த இடத்தில் முளைக்கும். எங்கள் தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் காய்த்துக் கிடக்கிற செடி யாரும் நட்டதில்லை. பூந்தொட்டிக்கு வலை போடுங்கள், அல்லது பழுக்குமுன் பறித்து ஊறுகாய் போட்டுவிடுங்கள். வேலிப் பக்கம் கொஞ்சம் தேடிப்பாருங்கள், உங்களுக்கும் ஒன்று முளைத்திருக்கும்.